வரி ஏறாது என்கிறார்கள், கடன் தீருமா?

2022 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ நகரம் தன் மக்களிடம் 40 கோடி டாலர் கடன் வாங்க அனுமதி கேட்டது. பேருந்துகளுக்கும் ரயில்களுக்கும் செலவிடத்தான் அந்தப் பணம். 1915இல் கட்டிய, நூறாண்டு தாண்டிய ஒரு பணிமனையைப் புதுப்பிப்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. வாக்களித்தவர்களில் 65 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். கடன் தோற்றது.

கலிபோர்னியாவில் ஒரு நகரம் சொத்து வரியை ஈடாகக் காட்டிப் பொதுக்கடன் பத்திரம் வெளியிட வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1879ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலிருந்து வரும் கட்டுப்பாடு இது. ஆனால் மாநில அரசு தனக்காகக் கடன் கேட்கும்போது பாதிக்கு மேல் ஒரு வாக்கு விழுந்தாலே போதும். 2024 நவம்பரில் இரண்டையும் ஒரே வாக்குச்சீட்டில் பார்க்க முடிந்தது. பள்ளிக் கட்டடங்களுக்காக மாநிலம் கேட்ட 1,000 கோடி டாலர் எளிதாக வென்றது. வீட்டு வசதிக்கும் சாலை, குடிநீர் போன்றவற்றுக்கும் உள்ளாட்சிகள் கேட்கும் கடனுக்கு வரம்பை 55 சதவீதமாகக் குறைக்கலாமா என்ற கேள்வியை அதே வாக்காளர்கள் நிராகரித்தார்கள். பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகளான பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும் 2000ஆம் ஆண்டிலேயே அந்தச் சலுகை கிடைத்துவிட்டது.

சொத்து வைத்திருப்பவர்களுக்கு இந்த உயரமான வரம்பே பாதுகாப்பு என்று வரி செலுத்துவோர் சங்கங்கள் சொல்கின்றன. இருக்கட்டும். அந்த வரம்பைத் தாண்டுவதற்காக நகரங்கள் என்ன செய்யப் பழகிவிட்டன என்பதுதான் என் கவலை.

கடன் தேர்தலுக்கான வேலை வாக்குப்பதிவுக்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிடும். முதலில் கருத்துக்கணிப்பு. எவ்வளவு தொகை கேட்டால் ஒத்துக்கொள்வார்கள், எந்தச் சொல்லைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள் என்று சோதிப்பார்கள். ஆதரவு போதவில்லை என்றால் தொகையைக் குறைப்பார்கள், அல்லது தேர்தலைத் தள்ளிப்போடுவார்கள். தீயணைப்பு நிலையம், நிலநடுக்கப் பாதுகாப்பு என்றால் கை தானாக நீளும். 2020 மார்ச்சில் இதே சான் பிரான்சிஸ்கோவில் 62.85 கோடி டாலர் நிலநடுக்கப் பாதுகாப்புக் கடன் 80 சதவீதத்துக்கு மேல் வாங்கி வென்றது. ‘ஆம் என்று வாக்களியுங்கள்’ என்று கேட்க நகரம் பொதுப்பணத்தில் ஒரு காசு செலவிடக் கூடாது, தகவல் மட்டுமே தரலாம். பிரசாரச் செலவைக் கட்டுமானத் தொழிலாளர் சங்கங்களும் ஒப்பந்ததாரர்களும் ஏற்பது வழக்கம்.

இத்தனைக்கும் மேலே ஒரு வாக்குறுதி நிற்கிறது: ‘வரி விகிதம் உயராது’.

பொய் இல்லை. பழைய கடன் ஒன்று அடைபடும்போதுதான் புதிய பத்திரம் வெளியிடுவது என்று சான் பிரான்சிஸ்கோ பல ஆண்டுகளாகக் கொள்கை வைத்திருக்கிறது. 2006இல் இருந்த விகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. நல்ல ஒழுங்கு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பழைய கடன் தீர்ந்தால் வீட்டுக்காரரின் வரி குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த இறக்கம் வருவதே இல்லை. அது வருவதற்குள் அடுத்த கடன் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. வாக்காளருக்கோ செலவே இல்லாத ஒன்றுக்குச் சம்மதம் கேட்பது போலத் தெரிகிறது.

இந்த வாக்குறுதி எதுவரை இழுத்துச் செல்லும் என்பதற்கு சான் டியாகோ பகுதியில் ஒரு பள்ளி மாவட்டம் சாட்சி. 2008இல் மக்கள் கடனுக்கு ஒப்புதல் தந்தார்கள், வரி விகிதம் ஏறாது என்ற உறுதியோடு. பிறகு சொத்து மதிப்பு சரிந்தது. விகிதத்தை ஏற்றாமல் வட்டி கட்ட வழியில்லை. 2011இல் 10.5 கோடி டாலர் கடனை, முதல் 20 ஆண்டுகள் எதுவுமே கட்ட வேண்டாம் என்ற வகைப் பத்திரங்களாக வாங்கினார்கள். வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறி, கடைசியில் திருப்பித் தர வேண்டியது ஏறத்தாழ 98 கோடி டாலர். அதைக் கட்டப்போகிறவர்களில் எத்தனை பேர் 2008இல் வாக்குரிமை வயதை எட்டியிருந்தார்கள்? நாடெங்கும் பேச்சான பிறகு 2013இல் மாநிலம் சட்டம் போட்டது: அத்தகைய பத்திரங்களுக்கு 25 ஆண்டுக்கு மேல் தவணை கூடாது, மொத்தத் திருப்பிச் செலுத்தல் அசலைப் போல நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது. நான்கு மடங்கு என்பதே ஒரு கட்டுப்பாடாக வந்தது என்றால் முன்பு இருந்த நிலையைப் புரிந்துகொள்ளலாம்.

சாதாரணக் கடனிலும் வட்டி சிறியதல்ல. 4 சதவீத வட்டியில் 10 கோடி டாலர் வாங்கி 30 ஆண்டு சமத் தவணையில் அடைத்தால் 17 கோடிக்கு மேல் போகும். வாக்குச்சீட்டில் அந்த 17 இருக்காது. கேள்வியை 75 சொற்களுக்குள் அடக்க வேண்டும் என்பது விதி. கடன் தொகை, எத்தனை ஆண்டு, 100 டாலர் சொத்து மதிப்புக்கு எத்தனை சென்ட் என்பது வரை இருக்கும். சான் பிரான்சிஸ்கோவின் 2022 சீட்டில் அது ஒரு சென்ட், அதாவது 10 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு வருடம் 100 டாலர். வட்டியும் அசலும் சேர்ந்த மொத்தம் வீட்டுக்கு வரும் தடித்த கையேட்டின் உள்பக்கத்தில் கிடக்கும்.

அந்த 100 டாலரும் எல்லோருக்கும் ஒன்றல்ல. 1978இல் வந்த சட்டப்படி, வீடு கைமாறும்வரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கியவரும் போன வருடம் வாங்கியவரும் அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு ஒரே கடனுக்குப் பல மடங்கு வித்தியாசத்தில் கட்டுகிறார்கள். அந்தப் பக்கம் அண்மையில் வீடு வாங்கிய நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாடகைக்காரரும் தப்புவதில்லை. வாடகைக் கட்டுப்பாடு உள்ள வீடுகளில் இந்தக் கடன்களால் வரும் வரிச்சுமையில் பாதியை வீட்டுக்காரர் வாடகையோடு சேர்த்து வசூலிக்க சான் பிரான்சிஸ்கோ விதி இடம் தருகிறது.

டெக்சஸ் மாநிலத்தில் 2019 முதல் பள்ளிக் கடனுக்கான வாக்குச்சீட்டில், இது சொத்து வரி உயர்வு என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும், விகிதம் மாறாவிட்டாலும் சரி. முரட்டு வழிதான், அந்த வாசகம் மக்களை மிரட்டுகிறதே தவிர, எவ்வளவு என்று சொல்வதில்லை. கலிபோர்னியாவின் 75 சொற்களில் கடைசிச் சென்ட்வரை திருப்பித் தர வேண்டிய மொத்தத் தொகைக்கும் இடம் ஒதுக்கலாம். அதற்கு இரண்டு மூன்று சொற்கள் போதும்.