மரம் நடக்கூடாத மலை

ஊட்டிக்கு மேற்கே, நீலகிரி பீடபூமி கேரளப் பக்கம் செங்குத்தாகச் சரியும் விளிம்பில் இருக்கிறது முக்கூர்த்தி தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும் இடம். அப்படிப்பட்ட மலை முழுக்க மரம் மண்டியிருக்க வேண்டாமா? ஆனால் பெரும்பகுதி புல்தான். மரங்கள் பள்ள மடிப்புகளில் மட்டும் சோலைகளாக ஒடுங்கி நிற்கின்றன.

காரணம் உறைபனி. மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிந்த இரவுகளில், திறந்த புல்வெளி பகலில் வாங்கிய வெப்பத்தை வேகமாக இழந்துவிடும். சோலைக்குள் இலைக்கூரை அந்த வெப்பத்தை ஓரளவு பிடித்து வைக்கிறது. வெளியே முளைத்த சோலை மரக்கன்று முதல் குளிர்காலத்திலேயே கருகிவிடும். புல்லும் கருகும், ஆனால் அதன் குருத்து மண்ணோடு ஒட்டியிருப்பதால் அடுத்த மழையில் தழைக்கும். யாரும் காட்டை வெட்டி உண்டாக்கிய பொட்டல் அல்ல இது. நீலகிரிப் பழங்குடியான தோடர்கள் எருமை மேய்த்ததும், கோயில் கூரைக்குச் சதுப்புப் புல் அறுத்ததும் இந்த மேட்டு நிலத்தில்தான்.

வரையாட்டுக்கும் இதுதான் வீடு. மேய்ச்சலுக்குப் புல், புலியோ சிறுத்தையோ வந்தால் ஓடி ஏறப் பாறைச் சரிவு. இரண்டும் அடுத்தடுத்து இருந்தால்தான் அது பிழைக்கும். வரையாட்டைக் காக்கவே 1982இல் சரணாலயமும் 1990இல் தேசியப் பூங்காவும் அமைந்தன.

ஆனால் சேதம் அதற்கு முன்பே நடந்துவிட்டது. புல்வெளியைத் தரிசு என்று நினைத்த வெள்ளையர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின், தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்கும் நாமே இன்னும் விரிவாக நட்டோம். பழியை வெள்ளையர் தலையிலேயே கட்டிவிட முடியாது. சீகை உறைபனிக்கு அசையாது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் கூட்டமாக முளைக்கும்.

அதை எப்படி ஒழிப்பது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. முதிர்ந்த சீகைத் தோப்பின் நிழலில், பனிக்குத் தப்பிச் சோலைக்கன்றுகள் சில இடங்களில் முளைக்கின்றன. அங்கே மரத்தை ஒரேயடியாக வெட்டினால் கன்றுகளும் போகும். புல்லுக்கோ அந்த நிழலே எமன். எனவே புல்வெளிக்குள் புதிதாக நுழைந்த இளஞ்சீகையை முதலில் வேரோடு பிடுங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. வெறுமையான இடத்தில் நாட்டுப் புல்லை நாற்றங்காலில் வளர்த்து, நெல் நடுவதுபோல் குத்துக்குத்தாக நட வேண்டும். மறு வருடமும் போய், புதிதாக முளைத்த சீகையைப் பிடுங்க வேண்டும்.