சிலாபமும் அதன் செல்வங்களும்

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் புகைவண்டியில் ஏறி நீர்கொழும்பைக் கடந்தால், இருமருங்கிலும் தென்னஞ்சோலைகளே கண்ணுக்கு விருந்தாகும். ஏறத்தாழ 50 மைல் சென்றதும், கடலுக்கும் களப்புக்கும் அருகே அமைந்த சிலாபம் வந்துவிடும்.

முத்துக் குளிப்பைச் ‘சலாபம்’ என்றனர் நம் முன்னோர். அச்சொல்லே ஊர்ப்பெயராயிற்று என்பர். பெருங் குளிப்புகள் மன்னார்ப் பக்கத்திலேயே நடந்தன எனினும், இக்கடலிலும் முத்துப் பார்கள் இருந்தன. இன்று முத்தில்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

நகருக்குக் கிழக்கே முன்னேஸ்வரம். 1578இல் போர்த்துக்கேயர் பாழ்படுத்திய இவ்வாலயத்தைக் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் புதுப்பித்து, 1753இல் கும்பாபிஷேகம் செய்வித்தான். மகோற்சவத்திற்குத் தமிழரோடு சிங்கள மக்களும் திரளாக வருகின்றனர். மாணவர்கட்கு ஒரு செய்தி: 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் புலவர் சரித்திரத்தை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி இந்நகரில் நீதிபதியாக இருந்தவர். உள்ளூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அவரை அறிவரோ!

முத்து போனபின் ஊரைத் தாங்கியது தென்னை. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்கள் சேர்ந்ததே ‘தென்னை முக்கோணம்’. தெற்கே லுணுவிலையில் 1929 முதல் தென்னை ஆராய்ச்சி நடைபெறுகிறது. துருவல் ஆலையொன்றினுள் நுழைந்து பாருங்கள். ஒருவர் சிறு கோடரியால் சிரட்டையை மட்டும் தட்டி உதிர்க்கிறார். முழுப் பருப்பு உருண்டையாக வெளிவருகிறது. பெண்கள் அதன் பழுப்புத் தோலைச் சீவுகின்றனர். கழுவித் துருவி வெப்பக் காற்றில் உலர்த்தியதும் கப்பலேற ஆயத்தம். மட்டை தும்பாகிறது, சிரட்டை கரியாகிறது. எறிவதற்கு எதுவுமில்லை.

இவ்வளவு சிக்கனமான தொழிலை அருகில் வைத்துக்கொண்டும், 1980களில் பலர் இறாலின் பின்னே ஓடினர். கண்டற்காடுகளை அழித்துக் குளங்கள் வெட்டினர். இலாபமும் வந்தது. ஆயின் எல்லோரும் டச்சுக் கால்வாயிலிருந்தே நீரெடுத்து, கழிவு நீரையும் அதிலேயே விட்டனர். 1996இல் வெண்புள்ளி நோய் தோன்றியபோது, ஒருவர் குளத்து நோய் கால்வாய் வழியே அயலார் குளத்துக்கும் சென்றது. கடன்பட்டவர் கண்ணீர் விட்டனர்.

பின்னர் பண்ணையாளர் பட்டறிவு பெற்று, நிலத்தை வலயங்களாக வகுத்து, எவ்வலயத்தில் எப்போது குஞ்சு விடுவதென முறை வைத்துக்கொண்டனர். தொழில் ஓரளவு மீண்டது. எனினும், முன்னேஸ்வரம் செல்லும் அன்பர்கள் வடக்கே முந்தல் வரை சென்றால், கைவிடப்பட்ட குளங்களை இன்றும் காணலாம்.