புயல் வந்தால் மெழுகுவத்தி மாயம்!

திருச்சி கடைகளில் சரக்கு இருக்குமா?

"அண்ணே, மெழுகுவத்தி இருக்கா?"

"கடைசி பெட்டி இதுதான். வேணுமா, வேணாமா? சீக்கிரம் சொல்லுங்க!"

வங்கக் கடலில் புயல் என்று டி.வி.யில் சொன்ன சில மணி நேரத்தில் மளிகைக் கடைகளில் கேட்கும் பேச்சு இது. காலையில் ஈ ஓட்டிய கடையில் மாலையில் கூட்டம் நெரியும். ரொட்டி காலி! பேட்டரி கட்டை காலி! பால் பவுடர் காலி! வேலை முடிந்து பஸ்சை விட்டு இறங்கி வருகிறவருக்குக் கிடைப்பது வெறும் பைதான்.

திருச்சிக்கு ஏது புயல்?

"நாகப்பட்டினம் எங்கே, நாம எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. தூரம் சுமார் 140 கிலோமீட்டர்தான். 1977 நவம்பர் 12-ந் தேதி அதிகாலை நாகை அருகே கரை கடந்த புயல் திருச்சியைச் சும்மா விடவில்லை. பேய் மழை கொட்டி நகருக்குள் வெள்ளம் புகுந்தது. அந்தப் புயலில் தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். திருச்சியில் அதைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை.

அடுத்த பாடம் கஜா. 2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே புகுந்தது. மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் சாய்ந்தன. டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மோட்டார் ஓடாததால் குடிக்கத் தண்ணீர் இல்லை. மெழுகுவத்திக்கும் ஜெனரேட்டருக்கும் அலையோ அலை என்று அலைந்தார்கள். செல்போன் டவர்களும் படுத்துவிட்டன. அப்போது திருச்சியிலிருந்தும் லாரி லாரியாக நிவாரணப் பொருள் போனது. நமக்கே அந்த அடி விழுந்திருந்தால்?

ஸ்ரீரங்கம் கதை வேறு!

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். காந்தி மார்க்கெட்டில் ஏற்றும் காய்கறியும் மளிகையும் காவிரியைத் தாண்டித்தான் சித்திரை வீதிக்கும் உத்திர வீதிக்கும் வந்து சேர வேண்டும். 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. 22-ந் தேதி இரவு முக்கொம்பில் 9 மதகுகள் உடைந்தன. ஆறு சீறினால் எது நிற்கும், எது விழும் என்று யார் சொல்ல முடியும்? பாலத்தில் வண்டி நின்றால் கடையில் இருப்பதுதான் இருப்பு!

கடைக்காரர் கஷ்டம்

சரக்கு வாங்கிப் போட முதல் வேண்டும். புயல் திசை மாறிப் போய்விட்டால் வாங்கியது தேங்கும். ரொட்டி சில நாளில் பூஞ்சை பிடிக்கும். தீப்பெட்டி ஈரத்தில் நமுத்துப் போகும். பயம் நியாயமானதுதான்.

ஆனால் எல்லாமே கெடுகிற சரக்கு அல்ல. மெழுகுவத்தி, நைலான் கயிறு, தார்ப்பாய், டார்ச் லைட் இவை வருஷம் போனாலும் விலை போகும். பேட்டரி கட்டையும் பிஸ்கட்டும் பல மாதம் தாங்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே வழக்கத்தைவிட இரண்டு பெட்டி கூடுதலாக எடுத்து, உயரமான தட்டில் பிளாஸ்டிக் சுற்றி வைத்தால் போதும். ரொட்டி, பாலுக்கு மட்டும் கடைசி நேர ஆர்டர் கொடுத்தால் நஷ்டம் குறையும்.

பதுக்கல் வேறு, இருப்பு வேறு!

சரக்கை இருப்பு வைப்பது குற்றமல்ல. ஒளித்து வைத்துவிட்டு, "இல்லை" என்று சொல்லி, பிறகு ஒன்றுக்கு இரண்டாக வாங்குவதுதான் அநியாயம். பாக்கெட்டில் அச்சடித்த அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி குற்றம். தொழிலாளர் துறை அதிகாரிகள் வழக்குப் போடலாம். 2023 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் பாலுக்காக ஜனங்கள் தெருத்தெருவாக அலைந்ததை நாடே பார்த்தது.

இதில் அதிகம் அடிபடுவது யார்? மாசச் சம்பளக்காரர் முதல் நாளே பை நிறைய வாங்கிவிடுவார். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரும், கட்டட வேலைக்குப் போகிற பெண்ணும் அன்றன்றைக்குக் கூலி வாங்கித்தான் அரிசி வாங்க முடியும். மழையில் வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை. அவர்கள் வரும்போது கடையில் சரக்கும் இல்லை! "ஆளுக்கு ஒரு பாக்கெட்" என்று கடைக்காரர் ஒரு அட்டையில் எழுதி மாட்டினாலே அவர்களுக்கும் மிஞ்சும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கரண்டும் டவரும் போனால் செல்போனில் பணம் அனுப்ப முடியாது. வீட்டில் கொஞ்சம் சில்லறை நோட்டு வையுங்கள். குடத்தில் தண்ணீர் பிடித்து வையுங்கள். ஆபத்து என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

புயலை யாராலும் தடுக்க முடியாது. ஒரு மெழுகுவத்திக்காக ராத்திரியில் கதவு கதவாகத் தட்டுவதைத் தடுக்கலாம். அது தெருமுனைக் கடைக்காரர் கையில்தான் இருக்கிறது!