வெள்ளம் வடிந்தது, சுவர் காயட்டும்!

வெள்ளம் வடிந்து வீடு திரும்பியதும் நம் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சுவருக்கு எப்போது சாயம் அடிக்கலாம்?" சேற்றுக் கறை படிந்த சுவரைப் பார்க்க மனம் பொறுக்காதுதான். ஆனால் அந்த அவசரமே கைக்காசைக் கரைத்துவிடும்.

ஜொகூர் மக்களுக்கு வெள்ளம் புதிதன்று. 2006 டிசம்பரில் கோத்தா திங்கி, சிகாமட், பத்து பகாட், குளுவாங் வட்டாரங்களில் வெள்ளம் புகுந்தது. வீடு திரும்பியவர்கள் கழுவித் துடைத்து நிமிர்வதற்குள், 2007 ஜனவரியில், பொங்கல் நெருங்கும் வேளையில் மறுபடியும் தண்ணீர் வந்தது. 2023 மார்ச்சிலும் 40,000-க்கு மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

சுவர் குடித்த தண்ணீர்

விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். செங்கல் சுவரும் அப்படித்தான். தண்ணீர் முழங்கால் அளவு நின்றிருந்தாலும், ஈரம் அதற்கு மேலும் ஏறியிருக்கும். தொட்டால் காய்ந்ததுபோல் தோன்றும். உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் எண்ணெய்ச் சாயம் பூசினாலோ, பிளைவுட் அடித்து மறைத்தாலோ ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. சாயம் கொப்பளித்து உரியும். பலகைக்குப் பின்னால் பூசணம் படரும். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது.

குளிர் நாடுகளில் வீட்டுக்கு அடியில் நிலவறை கட்டி, குளிர் தாக்காமலிருக்கச் சுவரில் பஞ்சு பதிப்பார்கள். வெள்ளம் புகுந்தால் அவர்களும் நனைந்த பஞ்சை எடுத்தெறிந்து, சுவரைக் காயவிட்ட பிறகே புதிதாகப் பதிக்க வேண்டும். ஊர் வேறானாலும் விதி ஒன்றுதான்.

முதலில் செய்ய வேண்டியவை

மின்சார மெயின் சுவிட்சை நீங்களாகப் போடாதீர்கள்; வயர்மேன் பார்த்துச் சொல்லட்டும். காலுக்கு பூட்ஸும் கைக்கு உறையும் இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் சிறு கீறல் வழியாகவும் புகும். பின்னர் காய்ச்சல் கண்டால், வெள்ளச் சேற்றைக் கழுவியதைக் கிளினிக்கில் மறவாமல் சொல்லுங்கள்.

சேறு இறுகுமுன் கழுவுங்கள். நனைந்த மெத்தையை வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். பிளைவுட் தட்டியின் அடிப்பலகையைக் கழற்றினால் உள்ளே காற்றுப் போகும். இரண்டே நாளில் பூசணம் தொடங்கிவிடும் என்பதால் கதவு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஒரு காலன் தண்ணீருக்கு ஒரு கோப்பைக்கு மேல் பிளீச் கலக்க வேண்டாம். அதனுடன் வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தையும் சேர்க்கவே கூடாது. நச்சுப் புகை எழும்.

காய்ந்ததா என்று அறிய

ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். உட்பக்கம் நீர் முத்துகள் இருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டட வேலைக்காரர்களின் கைக்கணக்கு. நாலரை அங்குலச் சுவருக்கு நான்கைந்து மாதம் ஆகலாம். நம் ஊர் மழைக்கு இன்னும் கூடும்.

"அதுவரை பண்டிகைக்கு என்ன செய்வது?" என்கிறீர்களா? சுண்ணாம்பு அடியுங்கள். ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். செலவும் குறைவு.

தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழிலாளர் வீடுகளைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம். ஆகவே, சொந்தப் பணத்தில் பலகை வாங்குமுன், சேதத்தை எழுதித் தோட்ட ஆபீசில் கொடுங்கள். ஒரு நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கறை தெரிந்தாலும் பரவாயில்லை, சுவர் காயட்டும். மறைத்த சுவருக்கு மறு ஆண்டும் செலவு செய்ய வேண்டும். காய்ந்த சுவருக்கு ஒரு முறை போதும்.