கர்வத்தை அளக்கும் தேவதை!

போர் நடப்பதற்கு முன்பே, வெற்றிச் சின்னம் செய்வதற்காக ஒரு படை கல்லைக் கொண்டு வந்தது. அந்தக் கல் கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? எதிரியின் ஊரில் சாமி சிலையாக நின்றது!

கி.மு. 490-ல் பாரசீகப் படை கப்பல்களில் கிரேக்க நாட்டுக்கு வந்தது. மாரத்தான் கடற்கரையில் இறங்கியது. ஏதென்ஸ் நகரைப் பிடிப்பது நிச்சயம் என்று பாரசீகர்கள் நினைத்தார்கள். அதனால், பாரோஸ் தீவின் வெள்ளைப் பளிங்குக் கல்லைக் கையோடு கொண்டு வந்தார்களாம்.

ஆனால், வென்றது ஏதென்ஸ்!

மாரத்தானுக்கு அருகே ராம்னுஸ் என்று ஓர் ஊர். அங்கே நெமிசிஸ் தேவதைக்குக் கோவில் இருந்தது. பாரசீகர் விட்டுச் சென்ற கல்லிலேயே அவளுக்குச் சிலை செய்தார்களாம்.

பௌசானியாஸ் என்ற யாத்திரிகர் கி.பி. 2-ம் நூற்றாண்டில் எழுதி வைத்த கதை இது. கதை எப்படியோ, சிலை உண்மை. அதன் உடைந்த துண்டுகள் கிடைத்திருக்கின்றன. அவை பாரோஸ் பளிங்குதான்!

இரண்டு தேவதைகள்

அவரவர்க்கு உரிய பங்கைக் கொடுப்பவள் நெமிசிஸ். அளவு மீறி ஆடுகிறவர்களை அடக்குபவளும் அவளே. அவள் கையில் முழக்கோலும் கடிவாளமும் இருப்பதுபோல் பிற்காலத்தில் செதுக்கினார்கள். முழக்கோல் அளப்பதற்கு, கடிவாளம் அடக்குவதற்கு!

பெருமையாகப் பேசும்போது கிரேக்கர்கள் முதலில் அவளுக்கு ஒரு கும்பிடு போடுவார்கள். கர்வம் தலைக்கு ஏறாமல் இருக்க அது ஒரு காப்பு.

ராம்னுசில் அவளுடன் வணங்கப்பட்டவள் தெமிஸ். நீதிக்கும் ஒழுங்குக்கும் உரிய தேவதை. இருவருக்கும் அங்கே கல் நாற்காலிகள் போட்டிருந்தார்கள்.

கோர்ட்டுகளில் தராசு ஏந்தி நிற்கும் பெண் உருவத்துக்கு முன்னோடி இந்தத் தெமிஸ். ஆனால், கிரேக்கர்கள் அவள் கண்ணைக் கட்டவில்லை. கண்கட்டு வழக்கம் ஐரோப்பாவில் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்புதான் வந்தது.

பாதியில் நின்ற கோவில்

ஏதென்ஸ் வளர்ந்தது. பணமும் கப்பல்களும் பெருகின. நெமிசிசுக்குப் புதிய பளிங்குக் கோவில் எழும்பியது. ஆனால், தூண்களை இழைக்கும் வேலை பாதியில் நின்றுவிட்டது. கி.மு. 431-ல் ஸ்பார்ட்டாவுடன் தொடங்கிய யுத்தமே காரணம் என்று கருதுகிறார்கள்.

கோவில் கட்டியவர்கள் தேவதையின் பாடத்தை மறந்தார்கள்.

மெலோஸ் ஒரு சின்னத் தீவு. "எங்களுக்கு அடங்கு" என்றது ஏதென்ஸ். தீவு மறுத்தது. கி.மு. 416-ல் படை சென்று முற்றுகை இட்டது. தீவு சரண் அடைந்தது. ஆண்களைக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள்.

அடுத்து சிசிலித் தீவின்மீது ஆசை பாய்ந்தது. அங்கே போன படை கி.மு. 413-ல் அடியோடு அழிந்தது.

கி.மு. 405-ல் ஏதென்சின் கடற்படை தோற்றது. செய்தி வந்த இரவு நகரில் யாரும் தூங்கவில்லை. "மெலோஸ் மக்களுக்கு நாம் செய்தது நமக்கும் நேருமே!" என்று அழுதார்கள்.

எதிரி காட்டிய நிதானம்

அடுத்த ஆண்டு ஏதென்ஸ் சரண் அடைந்தது. "நகரையே அழித்துவிட வேண்டும்" என்று ஸ்பார்ட்டாவின் கூட்டாளிகள் கேட்டார்கள். ஸ்பார்ட்டா மறுத்தது. பாரசீகர் படையெடுத்து வந்த ஆபத்தில் ஏதென்ஸ் செய்த நன்மையை எண்ணிப் பார்த்தது. மதில்களை இடித்தது, கப்பல்களைப் பறித்தது, நகரை விட்டுவிட்டது.

ஏதென்ஸ் மறந்த அளவு, எதிரிக்கு நினைவு இருந்தது!

மெகாக்ளிஸ் செய்தது

சுமார் 100 ஆண்டுகள் சென்றன. ராம்னுஸ்காரர் ஒருவர், பெயர் மெகாக்ளிஸ். அவருடைய நேர்மைக்காக ஊரார் அவருக்கு மகுடம் சூட்டினார்கள். அவர் தெமிசுக்கு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பளிங்குச் சிலை செய்து வைத்தார். நல்ல பெயர் வந்ததும் தேவதையின் காலடியைத் தேடிப் போனார்!

அந்தச் சிலை இன்று ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைகள் உடைந்துவிட்டன. ஏந்தியிருந்த பொருள் போய்விட்டது.

கண்கள் மட்டும் திறந்தே இருக்கின்றன!