என் கணினியில் ஓடும் கட்டளை ஜென்கின்ஸில் ஏன் தோற்கிறது?

முதலில் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால், பெரும்பாலும் எதிர்முனைக் கணினி விழித்திருக்கிறது, அந்த போர்ட்டில்தான் எந்த நிரலும் ஓடவில்லை. ஜென்கின்ஸையே அணுகும்போது இப்படி வந்தால் போர்ட் எண்ணைச் சரிபாருங்கள்; அதன் வழக்கமான போர்ட் 8080. 'டைம்ட் அவுட்' வேறு: வழியில் ஏதோ ஃபயர்வால் பதிலே சொல்லாமல் விழுங்கியிருக்கலாம்.

இணைப்பு கிடைத்தும் கிட் 'பெர்மிஷன் டினைடு' என்கிறதா? இங்கேதான் பலரும் மணிக்கணக்கில் தவிக்கிறார்கள். லினக்ஸில் நிறுவிய ஜென்கின்ஸ், வழக்கமாக 'ஜென்கின்ஸ்' என்ற தனிப் பயனராக ஓடுகிறது. உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள எஸ்எஸ்எச் சாவி அதற்குத் தெரியவே தெரியாது. அதற்கென்று ஒரு சாவி ஜோடி உருவாக்கி, பொதுச் சாவியை கிட் சர்வரிலும் ரகசியச் சாவியை ஜென்கின்ஸின் கிரெடென்ஷியல்ஸ் பகுதியிலும் சேருங்கள். அவசரத்துக்காக எல்லோருக்கும் அட்மின் உரிமையைத் திறந்துவிடாதீர்கள்.