பீன்ஸ் காம்பு கிள்ளும் இயந்திரமும் முளைப்பயறும்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் விளையும் பீன்ஸ் மூட்டை கட்டப்பட்டு, ஓசூர் வழியாக அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கும், மறுபக்கம் சென்னைக் கோயம்பேட்டுக்கும் போவது நம் உறுப்பினர்கள் அறிந்ததே. அதே பீன்ஸ் காம்பும் நுனியும் நீக்கி, நறுக்கி, தட்டில் அடுக்கி மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி விற்கப்படும்போது என்ன விலை என்பதையும் பெங்களூருக்குப் போய் வருகிறவர்கள் பார்த்திருப்பார்கள். மண்டியில் விற்ற விலைக்கும் அங்கே விற்கும் விலைக்கும் நடுவே நடந்த வேலை காம்பு கிள்ளுவது, நார் எடுப்பது, கழுவுவது, நறுக்குவது ஆகிய நான்கே. இந்த நான்கையும் இங்கேயே செய்து அனுப்பினால் என்ன என்ற கேள்வி நம் வணிக நண்பர்களிடையே பலமுறை எழுந்திருக்கிறது.

இதுவரை அந்த வேலைக்குக் கை இருந்தது. ஒரு கல்யாண வீட்டுக்கு ஐம்பது கிலோ பீன்ஸ் என்றால் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே கிள்ளிப் போட்டுவிடுவார்கள். இப்போது அந்தக் கைகளுக்கு வேறு வேலை வந்துவிட்டது. ஓசூர் சிப்காட் ஒருபுறம். 2020க்குப் பின் நம் தாலுகாவிலேயே திம்ஜேப்பள்ளி அருகே எழுந்த டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை மறுபுறம். மாதச் சம்பளமும் ஏறிப்போக பஸ்ஸும் இருக்கையில் தினக்கூலிக்குக் காம்பு கிள்ள ஆள் தேடுவது சிரமமே. அதே சமயம் அந்த ஆலைகளின் கேன்டீன்களுக்கு நாள்தோறும் நறுக்கிய காய் தேவைப்படுகிறது. கை குறைந்த நேரத்தில் கிராக்கி கூடியிருப்பதால்தான் இயந்திரம் விற்கிறவர்கள் நம் கடைப்படி ஏறுகிறார்கள். அவர்கள் காட்டும் படத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்குமுன், எந்த இயந்திரம் என்ன வேலை செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஓட்டல்களிலும் கேன்டீன்களிலும் இருக்கும் சாதாரணக் காய் நறுக்கும் இயந்திரம் வேறு, காம்பு கிள்ளும் இயந்திரம் வேறு. முன்னதில் பட்டை காயை இழுத்துச் செல்ல, சுழலும் கத்தி துண்டு போடும். காம்பு எது, காய் எது என்று அதற்குத் தெரியாது. கொட்டினதையெல்லாம் நறுக்கித் தள்ளும். காம்போடு நறுக்கிய பீன்ஸை ஒருமுறை வாங்கிய கேன்டீன்காரர் மறுமுறை வாங்கமாட்டார். "இதிலேயே எல்லாம் ஆகும்" என்று யாராவது சொன்னால், காம்புள்ள பீன்ஸ் இரண்டு கிலோவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

காம்பு கிள்ளும் இயந்திரத்தின் தத்துவம் பழையது. அமெரிக்காவில் பீன்ஸை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகளில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே இது வந்துவிட்டது. பெரிய பீப்பாய் ஒன்றைச் சற்றே சாய்த்துப் படுக்க வைத்தது போன்ற அமைப்பு. பீப்பாயின் சுவர் முழுவதும் சிறு சந்துகள். உள்ளே பீன்ஸைக் கொட்டிச் சுழற்றினால் காய்கள் புரண்டு புரண்டு, ஏதோ ஒரு நேரத்தில் ஒரு முனை சந்து வழியே வெளியே எட்டிப் பார்க்கும். வெளிப்புறத்தில் ஸ்பிரிங் அழுத்தத்தில் பீப்பாயை ஒட்டி நிற்கும் கத்தி அந்த முனையை வெட்டிவிடும். சாய்வாக இருப்பதால் காய் மெல்ல மெல்ல மறுவாசல் நோக்கி நகரும். அங்கே போய்ச் சேருவதற்குள் இரண்டு முனையும் வெட்டுப்பட்டிருக்க வேண்டும்.

எல்லாக் காயும் ஒரே சுற்றில் இரு முனையையும் நீட்டிக் கொடுப்பதில்லை. எனவே பெரிய ஆலைகளில் இரண்டு மூன்று பீப்பாய்களை வரிசையாக வைத்து ஓட்டுகிறார்கள். அதன் பிறகும் ஒரு பட்டையில் ஓடவிட்டு, இருபுறமும் ஆட்கள் நின்று தப்பிய காம்புகளைப் பொறுக்குகிறார்கள். ஆகவே ஆளே வேண்டாம் என்பது நடக்காது, பத்துப் பேர் இடத்தில் இரண்டு பேர் என்று வேண்டுமானால் எதிர்பார்க்கலாம்.

இனி நம் சரக்குக்கு வருவோம். பீப்பாய் இயந்திரத்துக்கு நேரான, ஏறக்குறைய ஒரே பருமனான, விறைப்பான காய் வேண்டும். வளைந்த காயின் முனை சந்தில் நுழையாது. மெலிந்த காய் அளவுக்கு மேல் நுழைந்து அரை அங்குலம் வீணாக வெட்டுப்படும். வெயிலில் கிடந்து வாடிய காய் மடங்கிக்கொண்டு கத்தியில் நழுவும். காலையில் பறித்து, நிழலில் வைத்து, தரம் பிரித்த பிறகே இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். நம் மண்டிகளுக்கு வரும் மூட்டையில் இளசும் முற்றலும், நேரும் கோணலும் கலந்தே இருக்கின்றன. தரம் பிரிக்கும் சல்லடை மேஜை இல்லாமல் காம்பு வெட்டும் இயந்திரத்தை மட்டும் வாங்குவது, மாடு வாங்காமல் கறவைப் பாத்திரம் வாங்குவது போலத்தான்.

நார் விஷயம் இன்னும் முக்கியம். நம் பெண்கள் காம்பைக் கிள்ளி அப்படியே கீழே இழுக்கும்போது நாரும் கூடவே வந்துவிடும். கத்தி காம்பை வெட்டும், நாரை இழுக்காது. நாருள்ள பீன்ஸை இயந்திரத்தில் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், சாப்பிடுகிறவர் பல்லில் மாட்டும். மேல்நாட்டில் இந்த இயந்திரம் நிலைத்ததற்கு ஒரு காரணம், 1890களிலேயே அமெரிக்க விதை வியாபாரிகள் நாரில்லா பீன்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்ததுதான். நமக்கும் அது தூரத்துச் சமாச்சாரம் அல்ல. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்க்கா சுவிதா என்ற நாரில்லாச் செடி பீன்ஸ் ரகத்தை வெளியிட்டிருக்கிறது. இயந்திரம் வாங்க நினைப்பவர் முதலில் நாலு விவசாயிகளிடம் பேசி நாரில்லா ரகத்தை விதைக்கச் செய்து, அந்தக் காயை ஒரு சீசன் விற்றுப் பார்க்கட்டும். விதை முந்த வேண்டும், மோட்டார் பிந்த வேண்டும் என்பது எனது கருத்து.

கழிவுக் கணக்கு

இயந்திரத்தின் விலையைப் பேரம் பேசுகிற அளவுக்கு நாம் கழிவைக் கணக்குப் பார்ப்பதில்லை. உதாரணமாக, பீன்ஸ் கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையால் கிள்ளுவதில் பத்தில் ஒரு பங்கு கழிகிறது என்றால், சுத்தம் செய்த காய் கிலோ 33 ரூபாய் 33 காசு அடக்கம். இயந்திரத்தில் நறுங்கினதும் அதிகம் வெட்டுப்பட்டதும் சேர்த்து நூற்றுக்கு 15 கழிகிறது என்றால் அடக்கம் 35 ரூபாய் 29 காசு. நாளொன்றுக்கு 500 கிலோ ஓட்டுகிறவருக்கு இந்த ஐந்து விழுக்காடு வித்தியாசம் 25 கிலோ, அதாவது 750 ரூபாய். மிச்சமாகும் கூலியில் இதைக் கழித்துக்கொண்டுதான் லாபத்தைப் பார்க்க வேண்டும். இவை உதாரணத்துக்குச் சொன்ன எண்களே. உங்கள் காயில் பத்து கிலோ எடுத்து இருவழியிலும் செய்து, உங்கள் தராசில் எடை போட்டுப் பாருங்கள்.

கத்தி மழுங்கினால் வெட்டுவதற்குப் பதில் கிழிக்கும். கிழிந்த முனை சில மணி நேரத்தில் பழுப்பேறும். அதை மறைக்கக் குளிர் அறையில் வைத்துவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இங்கும் எச்சரிக்கை வேண்டும். பீன்ஸ் மிகுந்த குளிரைத் தாங்காது. 5 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரை நல்ல ஈரப்பதத்தில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் காய், அதற்குக் கீழே போனால் உள்ளே இருக்கும்வரை நன்றாகத் தோன்றி, வெளியே எடுத்ததும் துருப் பிடித்தாற்போல் புள்ளி விழுந்துவிடும். ஆப்பிள் வைக்கும் அறையில் இடம் காலியாக இருக்கிறது என்று பீன்ஸைத் தள்ளிவிடாதீர்கள்.

அவரை, மொச்சைக்குத் தேவையான இயந்திரம் எளியது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு ரப்பர் உருளைகளின் நடுவே நெற்று இழுபட்டுப் போகும், விதை இப்புறமே பிதுங்கி விழும். பச்சைப் பட்டாணிக்கும் இதுவே. உருளைகளின் இடைவெளியைக் காய்க்குத் தக்கபடி மாற்றத் தெரிய வேண்டும், இல்லையேல் இளம் விதை நசுங்கும். மார்கழி, தை மாதங்களில் பெங்களூர் அவரைக்காய்க்கு ஏங்குவது நமக்குத் தெரியும். வி.வி. புரத்தில் அதற்கென்றே மேளா நடத்திப் பழகிய ஊர் அது. அங்கே நல்ல விலை போவது ஊறவைத்துத் தோல் நீக்கிய பிதுக்குப் பருப்புக்கு. அந்தத் தோலைப் பிதுக்குவதற்கு இன்றும் விரலே சிறந்த கருவி. விதையை உடைக்காமல், வாசனை போகாமல் எடுப்பதில் விரலுக்கு ஈடான இயந்திரத்தை யாராவது கொண்டுவந்தால், நேரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சீசன் சில மாதமே என்பதால் உருளை இயந்திரத்தைத் தனியொருவர் வாங்குவதைவிட நாலு மண்டிக்காரர் சேர்ந்து வாங்குவது புத்திசாலித்தனம்.

முளைப்பயறு

முளைகட்டிய பச்சைப்பயறுக்கு ஓசூரிலும் பெங்களூரிலும் காலை நேரக் கிராக்கி உண்டு. இதற்கான இயந்திரங்களில் சீனா, ஜப்பான் பக்கத்திலிருந்து வருபவை நீள முளைக்கானவை. அங்கே முளை விரல் நீளத்துக்கு வளரும், ஆகவே தண்ணீர்த் தொட்டியில் கலக்கித் தொலியைப் பிரிக்கவும், வேரை நறுக்கவும் இயந்திரம் தேவைப்படுகிறது. நம்மவர்கள் சாப்பிடுவது அரை அங்குல முளை. அதற்குத் தொலியும் நீக்க வேண்டாம், வேரும் வெட்ட வேண்டாம். வேர் வெட்டும் இயந்திரத்தை நம் ஊருக்கு வாங்குவது வீண் செலவு.

நமக்கு உண்மையில் தேவை மூன்று: கல், மண், உடைந்த பயறு நீக்கும் சல்லடை, எவர்சில்வர் தொட்டியும் துளையிட்ட தட்டுகளும், குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானே தண்ணீர் தெளிக்கும் குழாய். பயறு முளைக்கும்போது சூடு கிளப்பும். குவியலாகக் கட்டி வைத்தால் நடுப்பகுதி வெந்து நாற்றம் அடிக்கும். தெளிக்கும் தண்ணீர்தான் அந்தச் சூட்டை எடுத்துச் செல்கிறது. மார்கழிக் குளிரில் நம் பக்கம் முளை தாமதப்படும், ஆர்டர் எடுக்கும்போதே அதைக் கணக்கில் வையுங்கள்.

முளைப்பயறில் எடை கூடுவது வியாபாரிக்கு ஆசை காட்டும். ஆனால் பயறு முளைக்கும் அதே ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடிக்கும். 1996இல் ஜப்பானின் சகாய் நகரில் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகள் ஈ.கோலை கிருமியால் நோயுற்றபோது சந்தேகம் முள்ளங்கி முளை மீது விழுந்தது. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளை மூலம் பரவிய அதே இனக் கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரு விதை மூட்டையில் இருந்த கோளாறு அத்தனை தூரம் போயிற்று. விதைக்கென்று மருந்து கலந்த பயறு எக்காரணம் கொண்டும் உள்ளே வரக்கூடாது. எந்த மூட்டைப் பயறு எந்தத் தேதியில் எந்தக் கடைக்குப் போயிற்று என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தண்ணீரைச் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். போர்த் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பது சான்று அல்ல. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ இல்லாமல் ஒரு பாக்கெட்டும் வெளியே போகக்கூடாது.

கடன் பற்றி ஒரு வார்த்தை. சிறு உணவுத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020இல் தொடங்கிய திட்டத்தில், வங்கிக் கடனோடு இணைந்து திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. இப்போது மனு வாங்குகிறார்களா என்று கிருஷ்ணகிரியில் உரிய அரசு அலுவலகத்தில் கேட்டுக்கொண்ட பிறகே வங்கிக்குப் போங்கள். மானியத்தை நம்பித் தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்கினால், தவணை கட்டும்போது மானியம் துணைக்கு வராது.

ஆர்டர் கொடுக்கும் நாளில், காயில் படும் பாகங்கள் எவர்சில்வர்தானா, மாற்றுக் கத்தி எங்கே கிடைக்கும், மும்முனை மின்சாரம் வேண்டுமா, ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் குடிக்கும் என்பதை எழுதி வாங்குங்கள். விற்பவரின் ஊரில் அவருடைய பீன்ஸில் ஓட்டிக் காட்டுவது சோதனை ஆகாது. நம் மண்டியிலிருந்து இரண்டு மூட்டையை எடுத்துப்போய் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெட்டி விழும் காம்பையும் அவரைத் தொலியையும் அன்றன்றே எடுத்துக்கொள்ளப் பக்கத்துக் கறவை மாட்டுக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மறுநாள் வரை கிடந்தால் புளித்து ஈ மொய்க்கும், அதை மாடும் தொடாது.